தொண்டை வலிக்குப் பெட்டி மாத்திரையா, ஃபார்மசி சோதனையா, டாக்டரா?

ஊரிலிருந்து யார் இந்தியப் பெருங்கடலில் உள்ள எங்கள் ரெயூனியன் தீவுக்கு வந்தாலும் பெட்டியில் அப்பளக் கட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். எங்கள் அத்தை காரைக்காலிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பையில் டோலோ 650 நான்கு அட்டை, மூன்று மாத்திரை அடங்கிய அஸித்ரோமைசின் இரண்டு அட்டை, செஃபிக்ஸிம் ஒன்று, வயிற்றுப்போக்குக்கென்று நார்ஃப்ளாக்ஸசின், சளிக்கு ஒரு கலவை மாத்திரை. எல்லாமே டாக்டர் சீட்டு இல்லாமல் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கியவை. "உங்க ஊர்ல கேட்டா கொடுக்க மாட்டாங்களே, அதான் கொண்டாந்தேன்" என்றார். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். இங்கே சேந்த்-ஆந்த்ரேயில் நம் ஆட்கள் கூடும் எந்த வீட்டிலும் இதே பேச்சுதான்: டாக்டரிடம் போனால் பாரசிட்டமால் மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார், பிறகு எதற்கு அலைய வேண்டும், பெட்டியில் இருப்பதைப் போட்டால் மூன்று நாளில் சரியாகிவிடும்.

நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் இந்தத் தீவில் நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பெட்டி மாத்திரை, வீட்டிலேயே காத்திருப்பது, ஃபார்மசியில் சோதனை, டாக்டர். எதை எப்போது எடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். போன மழைக் காலத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு காய்ச்சல் வந்தது. இரண்டுக்கும் இரண்டு வேறு வழி தேவைப்பட்டது.

முதலில் மகள். அவளுக்கு 12 வயது. பள்ளியிலிருந்து வந்தவள் சாப்பாட்டைத் தொடவில்லை, எச்சில் விழுங்கினாலே வலி. உடம்பு 38.4 டிகிரி. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. லேசாக இருமலும் இருந்தது. அத்தை உடனே பையை எடுத்துவிட்டார். குடும்ப டாக்டரிடம் நேரம் கேட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அப்போதுதான் பக்கத்து ஃபார்மசியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள் ஞாபகம் வந்தது.

பிரான்சின் சட்டப்படி 2024 ஜூன் முதல், அதற்கான பயிற்சி பெற்ற ஃபார்மசிக்காரர் தொண்டையில் சோதனை செய்து, பாக்டீரியா என்று உறுதியானால் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவுக்கு மட்டும் வேலை செய்யும் மருந்து, வைரஸுக்கு அல்ல) கொடுக்கலாம். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும். ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் இங்கும் அதே விதிதான். சோதனைக்குக் கடைக்குள் ஒரு தனி அறை. ஃபார்மசிக்கார அம்மா முதலில் கேள்விகள் கேட்டார்: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, டான்சில் வீங்கியிருக்கிறதா, வயது என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். காய்ச்சலுக்கு ஒன்று கூடும், இருமல் இல்லாவிட்டால் ஒன்று கூடும், 15 வயதுக்குக் கீழ் என்றால் ஒன்று கூடும், 45 வயதைத் தாண்டினால் ஒன்று குறையும். கூட்டினால் இரண்டோ அதற்கு மேலோ வந்தால்தான் சோதனை. அதற்குக் கீழ் என்றால் பெரும்பாலும் வைரஸாகவே இருக்கும், சோதனையே தேவையில்லை.

மகளுக்கு இரண்டைத் தாண்டியது. தட்டையான மரக்குச்சியால் நாக்கை அழுத்திக்கொண்டு, பஞ்சுக் குச்சியை இரண்டு டான்சில் மேலும் தேய்த்து எடுத்தார். ஒரு சின்னக் குழாயில் சில சொட்டு மருந்து விட்டுக் குச்சியை அதில் முக்கி, பிறகு ஒரு பட்டையை நனைத்து வைத்தார். கோவிட் காலத்தில் வீட்டில் செய்த சோதனை மாதிரியேதான். ஐந்து நிமிஷம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு கோடு. அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இல்லை, வைரஸ். தோலிப்ரான் (இங்கே விற்கும் பாரசிட்டமால்), வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஒரு வாரத்தில் சரியாகும், மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கார்த் வித்தால் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினோம். வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு கோடு வந்திருந்தால்? அமாக்ஸிஸிலின் கிடைத்திருக்கும், ஆறு நாளைக்கு. இதையும் அத்தையின் அஸித்ரோமைசினையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொண்டையைத் தாக்கும் இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்று வரை பென்சிலின் வகை மருந்துக்கு அடங்கியே வருகிறது. அமாக்ஸிஸிலின் அந்த வகை. அஸித்ரோமைசினுக்கோ அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல நாடுகளில் பரவியிருக்கிறது. "மூணே நாள், மூணே மாத்திரை" என்ற வசதிக்காக நாம் எடுத்துக்கொள்வது இந்த இடத்தில் பலவீனமான மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தது: முதலில் கொடுக்கத்தக்கவை, எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை, கடைசியில் மட்டும் கொடுக்க வேண்டியவை. அமாக்ஸிஸிலின் முதல் வகை. அஸித்ரோமைசின், செஃபிக்ஸிம், நார்ஃப்ளாக்ஸசின் மூன்றும் எச்சரிக்கை வகை. அத்தை பையில் முதல் வகையில் ஒன்றுகூட இல்லை. ஊர் மருந்துக்கடைகள் எதை அதிகம் எடுத்து நீட்டுகின்றன என்பது அந்தப் பையைப் பார்த்தாலே தெரிகிறது.

ஃபார்மசி வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஃபார்மசியிலும் இது இல்லை, முதலில் போன் செய்து கேட்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்டர்தான் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலி அரிது, பெரும்பாலும் சோதனையே செய்ய மாட்டார்கள். அப்புறம், இந்த ஏற்பாடு இரண்டு நோய்க்கு மட்டும்தான். தொண்டை ஒன்று, பெண்களுக்கு வரும் சாதாரண நீர்க்கடுப்பு இன்னொன்று. இரண்டாவதற்கு வயது 16 முதல் 65 வரை. சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஒரே வேளைக்குக் கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் தருவார்கள். கர்ப்பிணியாக இருந்தாலோ, காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்திருந்தாலோ, அடிக்கடி வருவதாக இருந்தாலோ டாக்டர்தான். இந்த நீர்க்கடுப்புக்கும் நம் ஆட்கள் பெட்டியிலிருந்து நார்ஃப்ளாக்ஸசினையோ சிப்ரோஃப்ளாக்ஸசினையோ எடுப்பார்கள். தசைநாண் கிழிவது, நரம்பு பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளுக்காக இந்த வகை மருந்துகளுக்கு ஐரோப்பா 2019இல் கடுமையான கட்டுப்பாடு போட்டது. சாதாரண நீர்க்கடுப்புக்கு இவற்றை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை.

மகளுக்கு நான்காம் நாள் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் இருமல் போகவில்லை. பத்து நாள் கழிந்து மஞ்சள் சளி வேறு வந்தது. இந்த இடத்தில்தான் பொறுமை கெட்டுப் பலர் பெட்டியைத் திறக்கிறார்கள். அத்தையும், "சளி மஞ்சளா வருது பாரு, உள்ள பழுத்திருக்கு" என்றார். சளி மஞ்சளானாலும் பச்சையானாலும் அது பாக்டீரியாவுக்கு அடையாளம் இல்லை. வைரஸ் சளியும் போகப்போக அந்த நிறத்துக்குத்தான் மாறும். சாதாரண சளி அடங்க ஏழிலிருந்து பத்து நாள் பிடிக்கும். மூச்சுக்குழாய் அழற்சியின் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆன்டிபயாடிக் போட்டாலும் போடாவிட்டாலும் நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. மூன்று நாளில் சரியானது மாத்திரையால் என்று நாம் நம்புவது, எப்படியும் சரியாகும் நாளில் மாத்திரையும் முடிந்ததால்தான். இங்கே சில டாக்டர்கள் ஆன்டிபயாடிக் எழுதாதபோது ஒரு தாள் தருகிறார்கள். என்ன நோய், எத்தனை நாள் இருக்கும், எது வந்தால் திரும்பி வர வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். வெறுங்கையோடு திரும்பினோம் என்ற எண்ணம் வராது. அடுத்த வீட்டு கிரியோல் பாட்டி எலுமிச்சைப் புல் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் தேனையும் மகள் ஆசையாகக் குடித்தாள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கக் கூடாது.

காத்திருக்கும் வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது பாரசிட்டமால். டோலோ, தோலிப்ரான், ஃபெர்வெக்ஸ் மூன்றும் வேறு வேறு மருந்து என்று நினைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்றையும் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். டோலோ 650 மூன்று என்றால் 1950 மில்லிகிராம். தோலிப்ரான் 1000 இரண்டு என்றால் 2000. இரவில் ஒரு ஃபெர்வெக்ஸ் பொட்டலம் என்றால் இன்னும் 500. கூட்டினால் 4450. டாக்டர் சொல்லாமல் நாமாக எடுத்துக்கொள்ளும்போது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3000க்கு மேல் போகக் கூடாது. டாக்டரே சொன்னாலும் 4000தான் எல்லை. அதற்கு மேல் ஈரல் கெடும். பிள்ளைகளுக்கு எடையை வைத்துக் கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300. ஊரிலிருந்து வந்த மாத்திரையின் பின்பக்கம் மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள், கம்பெனி வைத்த பெயரை நம்பாதீர்கள்.

இனி இரண்டாவது காய்ச்சல். இது கொழுந்தனாருக்கு. சலாஸி பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் சௌசௌ பந்தலைச் சரி செய்யப் போனார். (இந்தத் தீவிலும் அதற்கு சூசூ என்றுதான் பெயர், கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.) இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெறுங்காலோடு சேற்றில் நின்று வேலை செய்திருக்கிறார், காலில் ஒரு கீறல் வேறு. பத்து நாள் கழித்துத் திடீரென்று 39.5 காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கெண்டைக்கால் தொட்டாலே வலி, கண் சிவப்பு. தொண்டை வலி இல்லை. மூக்கு ஒழுகவில்லை. இருமல் இல்லை. "டெங்குவோ என்னவோ, ரெண்டு நாள் பார்ப்போம் அண்ணி" என்றவர், பிறகு அத்தையிடம் அஸித்ரோமைசின் கேட்டார்.

நான் கொடுக்க விடவில்லை. சளியோ தொண்டை வலியோ இல்லாமல் தனிக் காய்ச்சலாக வந்தால் இந்தத் தீவில் கணக்கே வேறு. சிக்குன்குனியா 2005, 2006இல் இங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. 2025இல் மறுபடி வந்து, சோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 50,000ஐத் தாண்டினார்கள். 2018இலிருந்து டெங்கு பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. இவை இரண்டும் வைரஸ், ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. ஆனால் அதே மழைக் காலத்தில், அதே காய்ச்சலும் உடம்பு வலியுமாக வருவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தோல் கீறல் வழியாக உள்ளே போகிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் சேற்றில் நின்றதையே மறந்துபோயிருப்போம். இதற்கு ஆன்டிபயாடிக் சீக்கிரம் வேண்டும். தாமதமானால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் வரை போய்விடும்.

அன்று மதியமே டாக்டரிடம் கூட்டிப்போனோம். "அவசரம், சேற்றில் வேலை செய்தவர், சளி இல்லாத காய்ச்சல்" என்று போனில் சொன்னதும் வரச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் முதல் கேள்வியாக என்ன வேலை செய்தார், எங்கே நின்றார் என்றுதான் கேட்டார். ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எழுதிக் கொடுத்தார், டெங்குவுக்கும் சேர்த்து. முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ரத்தம் கொடுத்த கையோடு தொடங்கும்படி அமாக்ஸிஸிலின் எழுதினார். முடிவு வந்தபோது எலிக்காய்ச்சல்தான். சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது, ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது.

முன்பு ஒரு முறை மகளின் இருமலுக்கு மாத்திரை எழுத மறுத்து அனுப்பியவரும் இதே டாக்டர்தான். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் இரண்டு முறையும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இது பாக்டீரியாவா? பெட்டி மாத்திரை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மகள் விஷயத்தில் அது வீணாகப் போயிருக்கும். கொழுந்தனார் விஷயத்தில் இன்னும் மோசம். ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் சோதனையில் கிருமியைப் பிடிப்பது கடினமாகியிருக்கும். காய்ச்சல் கொஞ்சம் தணிந்து அவரும் வேலைக்குப் போயிருப்பார், சிறுநீரகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காய்ச்சலில் இன்னொரு தப்பும் நடந்திருக்கும். உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென் எடுக்கலாமா என்று கேட்டார். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரோஃபெனும் கூடாது, ஆஸ்பிரினும் கூடாது, ரத்தக் கசிவு வரலாம். எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். பிரான்சில் 2020 ஜனவரியிலிருந்து இபுப்ரோஃபெனைக் கை எட்டும் அலமாரியில் வைக்காமல் ஃபார்மசிக்காரர் பின்னாலேயே வைத்திருப்பது சும்மா இல்லை. அத்தை போல ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவர்கள் மூட்டு வலிக்கு அதையும் சேர்த்தால் சிறுநீரகம் திணறும். முதியவர்கள் எந்தப் புது மாத்திரைக்கும் முன்னால் பழைய மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் ஃபார்மசியில் காட்டினால் போதும், அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

டாக்டர் வழிக்குக் குறை நேரம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் சில டாக்டர்கள் அதற்கும் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். சீட்டில் ஆன்டிபயாடிக்கை எழுதி, ஃபார்மசியில் தொண்டைச் சோதனையில் பாக்டீரியா என்று வந்தால் மட்டும் கொடுக்கவும் என்று குறித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் எனக்கு இது பெரிய உதவி. பிரான்சில் "ஆன்டிபயாடிக் தானாக வருவதல்ல" என்ற பிரசாரம் 2002இல் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் குளிர்காலச் சீட்டுகள் சுமார் கால் பங்கு குறைந்தன. டாக்டர்கள் கையில் அந்தத் தொண்டைச் சோதனையைக் காப்பீட்டு நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. கஞ்சத்தனத்தால் வந்த பழக்கம் அல்ல இது.

ஊருக்குப் போய்வரும் நமக்குத் தனியாக ஒரு விஷயம். நெதர்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகளைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியாவுக்குப் போய்த் திரும்பியவர்களில் நான்கில் மூன்று பேர் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத குடல் பாக்டீரியாவோடு திரும்பினார்கள். நோய் எதுவும் தெரியாது, பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகப் போய்விடும், பத்தில் ஒருவருக்கு ஒரு வருஷம் வரை நிற்கும். பயணத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஆகவே ஊரில் வயிறு கொஞ்சம் இளகியதற்கெல்லாம் மாத்திரை போடாதீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். திரும்பி வந்த சில மாதங்களுக்குள் நீர்க்கடுப்போ அறுவை சிகிச்சையோ வந்தால் இந்தியா போய்வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது அவருக்கு வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான் செய்கிறோம். மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, ஆனால் நடமாடுகிறது என்றால் வீடு, பாரசிட்டமால், நாட்காட்டியில் ஒரு குறி. தொண்டை வலியும் காய்ச்சலும், பத்து வயதுக்கு மேல் என்றால் ஃபார்மசி. மழைக் காலத்தில் சளி இல்லாத காய்ச்சல் என்றால் அன்றோ மறுநாளோ டாக்டர், சேற்றிலோ ஆற்றிலோ இறங்கியதை மறக்காமல் சொல்வது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், எச்சில்கூட விழுங்க முடியாமை, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளி, பேச்சுக் குழறல், சிறுநீர் நின்றுபோவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர மருத்துவ உதவி எண்ணான 15க்கு போன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து வரும் என்பதால், அப்போது கடும் வயிற்று வலியோ விடாத வாந்தியோ ஈறில் ரத்தமோ வந்தாலும் அதே எண்.

அத்தையின் பையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அவர் மனசு நோகக் கூடாது என்று கொஞ்ச நாள் அலமாரியில் வைத்திருந்தேன். கொழுந்தனார் குணமான பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார். மீந்த மருந்தைக் குப்பையில் போடாமல் ஃபார்மசியிலேயே திருப்பிக் கொடுக்கலாம், இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். டோலோவை மட்டும் வைத்துக்கொண்டோம், அட்டை மேல் "இதுவும் தோலிப்ரான்தான்" என்று மகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று அத்தை போனில் கேட்டார். வடகம் கேட்டிருக்கிறேன்.